ஏழு பேர் என்று மட்டும் சொல்லும் கல்

நம் ஊர்ச் சென்னைவாழ் மக்கள் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், அப்புறம் சந்தா கட்டிவிட்டுக் கூட்டத்துக்கு மட்டும் வராமல் இருக்கும் என்னைப் போன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம், நம் ஊர்ச் சாவடியை இடித்துவிட்டுக் கட்டப்போகும் சமுதாயக் கூடத்துக்கான நோட்டீஸை அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு அனுப்பிவைத்தீர்கள். நாற்பது வருடம் பிழை திருத்திப் பிழைத்தவன் என்கிற மரியாதை. 'அடிக்கல்' என்பதில் ஒற்று விழுந்திருந்தது, 'நன்கொடையாளர்' என்பதில் ஒரு கால் காணாமல் போயிருந்தது. இரண்டையும் திருத்தி அனுப்பினேன். மூன்றாவதாக ஒரு பிழை இருந்தது. அதை எந்தக் குறி போட்டுத் திருத்துவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். அதற்காகத்தான் இந்த மடல்.

நோட்டீஸின் கடைசி வரி இது: 'சாவடியின் பழைய தேக்கு உத்திரங்கள், ஓடுகள், கற்கள் ஆகியவை ஆடி கழிந்ததும் ஏலம் விடப்படும்.'

அந்தக் 'கற்கள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு சலவைக்கல்லும் அடக்கம். உங்களில் பாதிப் பேருக்கு அது எங்கே இருக்கிறது என்றே நினைவு வராது. சாவடிக்குள் நுழைந்தால் மேற்குச் சுவர். கேரம் போர்டைச் சாய்த்து வைப்பார்களே, அதற்கு நேர் மேலே. ஒன்றரை அடி அகலம், ஒரு அடி உயரம். பொங்கலுக்குப் பொங்கல் சுவரோடு சேர்த்து அதற்கும் வெள்ளையடித்து, எழுத்தின் பள்ளமெல்லாம் சுண்ணாம்பு ஏறி மூடிக்கிடந்தது. போன தை மாதம் ஊருக்குப் போனபோது கொஞ்சம் தேங்காய் நாரும் ஒரு சொம்புத் தண்ணீரும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து சுரண்டினேன். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள், 'என்னண்ணா, புதையலா?' என்றார்கள். இங்கிலீஷ் எழுத்து. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: இந்தக் கிராமத்திலிருந்து 1914–1919 பெரும்போருக்கு 41 பேர் போனார்கள். அவர்களில் 7 பேர் உயிரைக் கொடுத்தார்கள்.

ஒரு பெயர் கிடையாது. ஊர்ப் பெயர்கூடக் கிடையாது, 'இந்தக் கிராமம்'தான். முதல் உலகப் போர் முடிந்ததும் அன்றைய அரசு இதே வாசகத்தை, எண்ணை மட்டும் மாற்றி, பஞ்சாபிலிருந்து நம் வட ஆற்காடு வரை ஊர் ஊராகப் பதித்துவிட்டுப் போனது. ஆகவே இந்தக் கல்லைச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்தால், அது எந்த ஊர்க் கல் என்று அதற்கே தெரியாது. ஏலத்தில் எடுக்கிறவர் மாவரைக்கும் மேடைக்குப் பதிக்கலாம், துணி துவைக்கும் கல்லாகப் போடலாம். சலவைக்கல்தானே.

சாவடியை இடிப்பதற்கு நான் எதிரி இல்லை. ஓடு ஒழுகுகிறது, உத்திரத்தில் வவ்வால். கூடம் வரட்டும், கல்யாணம் காட்சிக்கு உதவட்டும். கல்லைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

அந்த ஏழு பேரில் ஒருவர் என் ஆயாவைப் பெற்ற அப்பா.

ஆயா, என் அப்பாவின் அம்மா, தான் பிறந்தது எம்டன் குண்டு போட்ட வருடம் என்று சொல்வார். 1914 செப்டம்பர் 22 ராத்திரி அந்த ஜெர்மன் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. மொத்தமே அரை மணி நேரக் கூத்து. ஐகோர்ட் மதில் சுவரில் அதற்கு ஒரு கல் இருக்கிறது. 'ஆள் பெரிய எம்டன்' என்று பேச்சில் ஒரு சொல்லும் நிலைத்துவிட்டது. வருடக்கணக்கில் பரதேசத்தில் கிடந்து செத்த நம் ஏழு பேருக்கு அப்படி ஒரு சொல்கூட மிஞ்சவில்லை.

அவர் ஏன் பட்டாளத்துக்குப் போனார் என்பதற்கு ஆயா வீட்டில் இரண்டு கதை உண்டு. ஒன்று, அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் முக்கால் ஏக்கர் மானாவாரி மட்டும் கிடைத்த கோபம். இன்னொன்று, கிணறு வெட்டத் தெரிந்த ஆளுக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று யாரோ வேலூர்ச் சந்தையில் சொன்னது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். ராஜாவுக்காகப் போனார் என்று மட்டும் எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர் படையில் சேர்ந்தார். பாலம் கட்டுவது, பாதை போடுவது, பதுங்குகுழி தோண்டுவது, வெடி வைப்பது எல்லாம் சாப்பர்களின் வேலை. பட்டாளத்தில் இந்தப் படைக்காரர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள், இன்றைக்கும். பெங்களூரிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து கப்பல், இறங்கியது மெசபடோமியா. இன்றைய இராக். அங்குள்ள பாஸ்ரா ஆயா வாயில் 'பசரா' ஆகி, அந்தப் போரே 'பசராச் சண்டை' ஆனது.

1917 பிப்ரவரி 23 அன்று ஷும்ரான் என்ற வளைவில், எதிர்க்கரையிலிருந்து துருக்கிக்காரர்கள் சுட்டுக்கொண்டிருக்க, ஆங்கிலப் படை டைக்ரிஸ் ஆற்றைப் படகில் கடந்தது. அன்று சாயங்காலத்துக்குள் மிதவைப் பாலமும் கட்டி முடித்துவிட்டார்கள். மெட்ராஸ் சாப்பர் கம்பெனிகள் அந்த வேலையில் இருந்தன. பதினாறு நாள் கழித்து, மார்ச் 11-ல், பாக்தாத் கைக்கு வந்தது. பாலாற்றில் தண்ணீரைவிட மணலை அதிகமாகப் பார்த்து வளர்ந்த நம் ஊர் ஆட்கள், கரை ததும்ப ஓடும் ஒரு ஆற்றின் மேல் பலகை போட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் வருகிறது, என்னவோ செய்யவும் செய்கிறது.

அந்த வருடம் ஜூலையில் அங்கே அடித்தது பேய் வெயில். ரமாதி என்ற ஊரைத் தாக்கப் போன படை, குண்டுக்குப் பறிகொடுத்ததைவிட வெயிலுக்கு அதிகம் பறிகொடுத்துத் திரும்பியது. மெசபடோமியாவில் நோயில் மட்டும் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். வாந்திபேதி, சீதபேதி, காய்ச்சல். பின்னால் நான் தேடிக் கண்டுபிடித்த பட்டாளப் பதிவேட்டில் என் ஆயாவின் அப்பா இறந்த தேதியும் அதே ஜூலைதான். 'தண்ணி ஒத்துக்காம செத்தாரு' என்பதுதான் வீட்டில் வழிவழியாக வந்த சேதி.

சேதி வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். முதலில் மணியார்டர் நின்றது. அவ்வளவுதான். இரண்டு மாதம், மூன்று மாதம். கொள்ளுப்பாட்டி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தபால் ஆபீசுக்கு நடப்பார். அப்புறம் இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தது. பக்கத்து ஊர் வாத்தியார் படித்துவிட்டு 'இறந்துட்டாரு' என்றார். கொள்ளுப்பாட்டி நம்பவில்லை. உடம்பைப் பார்க்கவில்லை, ஒரு பிடி சாம்பலையும் பார்க்கவில்லை, காகிதத்தை நம்பித் தாலியைக் கழற்றச் சொன்னால் எப்படி? துருக்கிக்காரன் பிடித்து வைத்திருக்கிறான், சண்டை முடிந்தால் விடுவான் என்று ஒரு பேச்சு. பசராவிலேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டான் என்று இன்னொரு பேச்சு, அது பங்காளிகள் கிளப்பியது. மூன்று நான்கு வருடம் குங்குமம் வைத்துக்கொண்டுதான் இருந்தார். ஊரில் என்ன பேசியிருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு ஒரு நாள் அட்டை உறையில் வெண்கல வட்டு ஒன்று வந்தது.

போரில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய வட்டு அது. 13 லட்சத்துக்கு மேல் வார்த்தார்கள். 12 சென்டிமீட்டர் விட்டம், சாப்பாட்டுத் தட்டுக்கும் டபராவுக்கும் நடுவில் ஒரு அளவு. கையில் எடுத்தால் நல்ல கனம். அதில் நிற்பது பிரிட்டானியா என்ற பெண் உருவம். ஒரு கையில் சூலம், பக்கத்தில் சிங்கம். ஓரத்தைச் சுற்றி, சுதந்திரத்துக்காகவும் மானத்துக்காகவும் இறந்தான் என்று பொருள்படும் ஒரு வாசகம். ஒரு கட்டத்துக்குள் இறந்தவரின் பெயர், புடைத்த எழுத்தில். பதவி போடவில்லை. ஜெனரலானாலும் சிப்பாயானாலும் சாவில் எல்லோரும் ஒன்று என்று வேண்டுமென்றே போடாமல் விட்டார்களாம்.

வட்டு வந்த பிறகுதான் கொள்ளுப்பாட்டி நம்பினார். அந்த வாரம்தான் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். ஆனால் சூலமும் சிங்கமுமாக வீட்டுக்கு வந்தவளை வெளியே எறிய முடியுமா? சாமி மாடத்தில் வைத்துவிட்டார். 'பசரா அம்மன்' என்று பெயர். தன் நெற்றியில் வைக்க முடியாத குங்குமத்தைத் தினமும் அந்த வட்டின் நெற்றியில் வைத்தார். கொள்ளுப்பாட்டிக்குப் பின் என் ஆயாவும் அப்படியே. வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டு விளக்கல். நான் சின்னப் பையனாக இருந்தபோது அது தங்கம்போல் மின்னும். அதில் பெயர் எழுதியிருக்கிறது என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எழுபது வருடப் புளியில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது.

ஆயா போனபின் வட்டு என்னிடம் வந்தது. ஒரு நாள் மெஷின் புரூஃப் காகிதத்தை அதன்மேல் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். கண்ணுக்குத் தெரியாத எழுத்து காகிதத்தில் மங்கலாக எழுந்து வந்தது. முதல் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்று, கடைசியில் மூன்று. மீதியை ஊகித்துக்கொண்டேன். பிழை திருத்துகிறவனுக்கு அது பழகின வேலை.

அந்த ஊகத்தை வைத்துக்கொண்டுதான் தேட ஆரம்பித்தேன். நான் இருப்பது பட்டாளம், பெரம்பூர் பாரக்ஸ் ரோடு பக்கம். ஒரு பட்டாளத்துக்காரரைத் தேடுவதற்குப் பொருத்தமான முகவரிதான். முதலில் போனது நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டம். மவுண்ட் பூந்தமல்லி ரோட்டில் பஸ்ஸில் எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். 1952-ல் அமைத்தது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் அங்கங்கே சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளை ஒன்றாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள், 850-க்கு மேல். முதல் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர்களும் அங்கே ஒரு நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. புல்லை அவ்வளவு ஒழுங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே பெயர் உள்ளவர்கள் இந்த மண்ணில் இறந்தவர்கள். கடல் கடந்து செத்தவரை அங்கே தேடக் கூடாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

அவர் பெயர் இருக்க வேண்டிய இடம் பாஸ்ரா நினைவுச் சின்னம். 1929-ல் ஷத் அல் அரப் ஆற்றங்கரையில் திறந்தார்கள். கல்லறை தெரியாத 40,000-க்கு மேற்பட்டவர்களுக்காக எழுப்பியது. 1997-ல் சதாம் உசேன் உத்தரவுப்படி அதைக் கல் கல்லாகப் பிரித்து, நசிரியா போகும் சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளிப் பாலைவனத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அது கிடக்கட்டும். அந்தச் சுவரில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிக்கும் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கு இல்லை. படைப்பிரிவின் பெயரைப் போட்டு, அதன் கீழே அதிகாரிகளின் பெயர், அதற்கும் கீழே 'மற்றும் இத்தனை இந்தியப் படைவீரர்கள்'. வட்டில் எல்லோரும் சமம். சுவரில் வந்ததும் 'மற்றும் பலர்'. கல்யாணப் பத்திரிகையில்கூட நாம் சித்தப்பா பெயரை விட்டால் சண்டைக்கு வருவார்.

2021 ஏப்ரலில் இதைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அமைத்த குழுவே ஒரு அறிக்கை கொடுத்தது. இந்தியர், ஆப்பிரிக்கர் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. அதற்கு மேலும் குறைந்தது 1,16,000 பேர், 3,50,000 வரைகூடப் போகலாம், பெயரோடு நினைவுகூரப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. மன்னிப்பும் கேட்டது. சரி, நூறு வருடம் கழித்தாவது கேட்டார்கள்.

நல்லவேளையாக, சுவரில் இல்லாவிட்டாலும் ஆணையத்தின் பதிவேட்டில் பெயர்கள் இருக்கின்றன. இன்ன நம்பர் சாப்பர், இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன தாலுகா, வட ஆற்காடு, மெட்ராஸ். இன்றைக்கு வீட்டிலிருந்தே தேடலாம். தேடும் முறை மட்டும் தெரிய வேண்டும். எழுதின குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரியாது, சொன்ன ஆளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஏழுமலை என்றால் எலுமலை, யெல்லாமலை, எலிமலை. வட்டார வழக்கில் பெயரைச் சுருக்கிச் சொல்லியிருந்தால் முடிந்தது கதை. நம் ஊர்ப் பெயரையே நான்கு விதமாக எழுதியிருக்கிறார்கள், ஒன்றில் பக்கத்து ஊரோடு ஒட்டியிருந்தது. ஆறு மாதம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து, என்னென்ன தப்பு சாத்தியமோ அத்தனை தப்பும் செய்து தேடினேன். சரியாக எழுதுவதற்காகவே சம்பளம் வாங்கினவன், தப்பாக எழுதிக் கண்டுபிடித்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ஆயாவின் அப்பா கிடைத்தார். அவரோடு சேர்த்து ஐந்து பேர் கிடைத்தார்கள். இன்னும் இரண்டு பேர் பாக்கி.

ஐந்து பேரில் மூன்று பேர் காலனிப் பக்கம்.

இதைத்தான் உங்களிடம் பேச வேண்டும். மற்றதெல்லாம் இதற்கு முன்னுரை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ராஸ் சாப்பர் படையிலும் பயனியர் படைகளிலும் பறையர் சமூகத்து ஆட்களை ஆரம்பத்திலிருந்தே பெரும் அளவில் சேர்த்தார்கள். பட்டாளத்தில் ஒரே கூடாரம், ஒரே கப்பல், ஒரே வாந்திபேதி. அந்த மூவரின் தகப்பன் பெயர்களையும் பதிவேட்டில் பார்த்து, காலனியில் பெரியவர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். ஒரு பெயரைச் சொன்னதும், 'எங்க பெரிய தாத்தாதான். சிலோனுக்குப் போனாருன்னு சொல்லுவாங்க' என்றார். நூறு வருடமாக அந்த வீட்டில், மனுஷன் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் மறந்துவிட்டார் என்று கோபமாக இருந்திருக்கிறார்கள். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: 'கல்லு எங்க இருக்குது?' சாவடியில் என்றேன். 'சாவடிக்குள்ளயா?' என்றார்.

அவர் எந்த அர்த்தத்தில் கேட்டார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம் அப்பா காலம் வரை அந்தத் திண்ணையில் அவர்கள் உட்கார முடியாது. செத்த மூவரின் எண்ணிக்கை உள்ளே, அவர்களின் பிள்ளைகள் வெளியே தெருவில். கல்லில் பெயர் இருந்திருந்தால் இந்த ஏற்பாடு நடந்திருக்குமா? அன்றைக்கே இந்தப் பெயரெல்லாம் நம் சாவடியிலா என்று ஒரு பஞ்சாயத்து கூடியிருக்கும். வெறும் எண்ணாக இருந்ததால் கேள்வியே வரவில்லை. பெயர் போடாமல் விட்டது வெள்ளைக்காரன் செய்த தப்பு என்றுதான் நானும் பாஸ்ராக் கதையைப் படித்துக் கொதித்தேன். அந்தத் தப்பு நமக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது என்பது காலனித் தெருவில் நிற்கும்போதுதான் தெரிந்தது.

நம் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கல்லைப் பற்றி நான் போட்ட ஒரு வரிக்கு, தம்பி ஒருவர், 'வெள்ளைக்காரனுக்காகச் செத்தவனுக்கு எதுக்குக் கல்லு?' என்று பதில் போட்டிருந்தார். பன்னிரண்டு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். கோபமில்லை, கேட்க வேண்டிய கேள்விதான். நான் தியாகி பட்டம் கேட்கவில்லை. அவர்கள் போனது கூழுக்கு. கடற்கரைச் சாலை தொடக்கத்தில் வட்டமாக நிற்கும் போர் நினைவுச் சின்னத்தைப் பார்த்தால், அதுவும் அந்தப் போரில் அவர்கள் ஜெயித்ததற்காக எழுப்பியதுதான். பின்னால் வந்த நம் போர்களின் பெயரையும் அதிலேயே சேர்த்துக்கொண்டோம், யாரும் இடிக்கவில்லை. நம் ஊரிலிருந்து பின்னி மில்லுக்கு வேலைக்கு வந்தவர்கள் அமைத்ததுதானே இந்தச் சங்கம்? அந்த மில்லில் அந்த நாளில் ஓடியது பட்டாளத்துக் காக்கித் துணி. நம் ஊர்க்காரர் ஒருவர் நெய்ததை நம் ஊர்க்காரர் இன்னொருவர் உடுத்திச் செத்திருக்கலாம். மில்லில் உழைத்தவரைச் சங்கத்தின் முன்னோடி என்று படம் மாட்டியிருக்கிறோம், அவர் வாங்கியதும் வெள்ளைக்காரன் கூலிதான்.

நம் ஊருக்கு ரொம்ப தூரமில்லாத இன்னொரு கல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு, 7ஆம் நூற்றாண்டு. மாட்டு மந்தையைக் காக்கும் சண்டையில் செத்த வீரனுடைய பெயர் அதில் இருக்கிறது. அவனோடு நின்று இரண்டு கள்ளர்களைக் கடித்த நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயரும் இருக்கிறது: கோவிவன். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால் இந்தச் சீமையில் ஒரு நாயின் பெயரை விடாமல் எழுதியிருக்கிறார்கள்.

நமக்கும் கல்லில் பெயர் எழுதத் தெரியாமல் இல்லை. நோட்டீஸிலேயே இருக்கிறது: 25,000 ரூபாயும் அதற்கு மேலும் தருபவர்களின் பெயர் கருங்கல்லில் பொறிக்கப்படும். கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதி எழுதியே பாதி வெளிச்சத்தை மறைத்த ஊர் நம் ஊர். நானும் 25,000 தருகிறேன், பொருளாளர் ரசீது போட்டு வைக்கட்டும். என் பெயர் வேண்டாம். அந்த இடத்தில் ஏழு வரி விடுங்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஏலப் பட்டியலிலிருந்து அந்தச் சலவைக்கல்லை எடுத்துவிடுங்கள். மேஸ்திரி கடப்பாரை வைப்பதற்கு முன் நானே வந்து நிற்கிறேன், சுற்றிலும் சுண்ணாம்புக் காரையைச் சுரண்டி அலுங்காமல் எடுக்கலாம். புதுக் கூடத்தில் கேரம் போர்டுக்குப் பின்னால் இல்லாமல், வாசலில், தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் வையுங்கள். அதன் கீழே கருங்கல்லில் ஏழு பெயர், தமிழில், தகப்பன் பெயரோடு. சாதிப் பெயர் வேண்டாம், தெருப் பெயரும் வேண்டாம். அகர வரிசை போதும். அப்படிப் போட்டால் இதுவரை கிடைத்த ஐந்தில் முதல் பெயர் காலனிப் பெரியவரின் பெரிய தாத்தா பெயராக வரும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வரிசையை மாற்றச் சொல்லக் கூடாது. திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட யாரைக் கூப்பிடலாம் என்று செயலாளர் கேட்டிருந்தார். அந்தப் பெரியவருக்கு எண்பத்திரண்டு வயது. காலதாமதம் வேண்டாம்.

அப்புறம் அந்த இரண்டு பேர். அவர்களின் பேரன் பேத்திகள் இந்த மடலைப் படிக்கிறவர்களில்கூட இருக்கலாம், வியாசர்பாடியிலோ ஆவடியிலோ அம்பத்தூரிலோ. ஊருக்கு போன் போட்டு வயதானவர்களிடம் கேளுங்கள். 'சிலோனுக்குப் போனவர்', 'ரங்கூனுக்குப் போனவர்', 'கோபிச்சுக்கிட்டுப் போனவர்', 'எங்கியோ போயிட்டார்' என்று வீட்டில் சொல்லும் ஆள் யாராவது உண்டா என்று கேளுங்கள். 1914-லிருந்து 1919-க்குள் போனவரா என்று பாருங்கள். பரணில் தகரப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். பித்தளையோ வெண்கலமோ வட்டமாக, சூலமும் சிங்கமுமாக ஒரு பொம்பளை உருவம் இருந்தால், அது அம்மன் இல்லை, பழைய பாத்திரக்காரருக்குப் போட்டு எவர்சில்வர் குண்டான் வாங்கிவிடாதீர்கள். நம் ஊரில் இப்படி ஒரு வட்டு குண்டானாக மாறிவிட்டது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பஞ்சாபில் அந்தப் போருக்குப் போன 3,20,000 பேரின் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்ததைக் கண்டுபிடித்து 2021-லிருந்து கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், ஊர் பெயர் கொடுத்தால் ஆள் வருகிறார். நமக்கு அப்படி ஒரு பதிவேடு கிடைக்கும் வரை பரண்தான் பதிவேடு.

என் ஆயாவின் அப்பா பெயரை இந்த மடலில் ஏன் எழுதவில்லை என்று சிலர் கேட்பீர்கள். வேண்டுமென்றேதான். மற்ற ஆறு பேரோடு சேர்ந்து வரட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு, வழக்கத்துக்கு மாறாக, நான் வருகிறேன். பென்சிலில் தேய்த்து எடுத்த காகிதத்தையும் வட்டையும் கொண்டுவருகிறேன். ஆளாளுக்குக் கையில் வாங்கிப் பாருங்கள், குங்குமம் வைக்க வேண்டுமென்று தோன்றினால் வையுங்கள். புளி போட்டு விளக்க மட்டும் வேண்டாம், இன்னும் ஆறு எழுத்துதான் பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
தெற்குத் தெருக் கடைசி வீட்டுப் பேரன்,
பட்டாளம், சென்னை.